கடுகு டப்பாக் காசு எந்தக் கடனுக்கு?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 19,000. கணவர் ஓவர்லாக் டெய்லர், வாரச் சம்பளம். ஆர்டர் இருக்கிற வாரம் 5,000 வரை வரும், இல்லாத வாரம் அதில் பாதிகூட வராது. இரண்டு பிள்ளைகள். நாத்தனார் கல்யாணத்துக்காக வங்கியில் 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தோம். 16 சதவீத வட்டி, 48 மாதம், தவணை 8,502. பதினான்கு தவணை கட்டியாகிவிட்டது. என் கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது. மாதம் 3.5 சதவீத வட்டி என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கிறது. மாதாமாதம் 3,000 கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. என் இரண்டு பவுன் செயின் வங்கியில் 80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. 9.5 சதவீத வட்டி, வருடம் ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன். இது போக, அம்மாவின் ஆபரேஷனுக்காகத் தெரிந்த அக்கா ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து 50,000 வாங்கினேன், ரெண்டு வட்டி. இருபது மாதமாக மாதம் 1,000 கொடுத்து வருகிறேன். இந்தக் கடன் என் கணவருக்குத் தெரியாது.

செலவைச் சுருக்கி இப்போது மாதம் 2,500 மிச்சம் பிடிக்கிறேன். இத்தனை கடனுக்கு முன்னால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று தெரியும். இருந்தாலும் பெரிய லோனுக்குக் கட்டலாமா என்று பார்க்கிறேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. கணவரோ, "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் காசு போன இடமே தெரியாது. 2,000 ரூபாய் சீட்டில் சேர்ந்துகொள். இருபத்தைந்து மாதத்தில் 50,000 வரும், மொத்தமாக அடைக்கலாம்" என்கிறார். எது சரி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வட்டி விகிதம், தவணை, கட்டிய மாதம் என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் கடன் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கடன் கேட்டு வருகிறவர்களில் தன் வட்டி எவ்வளவு என்று தெரிந்து வருகிறவர்களே குறைவு. கணக்கெழுதும் கை உங்களுடையது. நானும் கணக்காகவே பேசுகிறேன்.

முதலில் அந்தச் சோளப்பொரியைப் பார்ப்போம். கார்டில் நிற்பது 60,000. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,100 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 378. இரண்டும் சேர்ந்து 2,478. நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் இது போக அசலைத் தொடுவது 522 ரூபாய். "குறையவே மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். இதே வேகத்தில் கட்டினால், கார்டில் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும், அடைந்து முடிய 43 மாதத்துக்கு மேல் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது சுமார் 1,29,600 ரூபாய்.

இப்போது அந்த 3,000 ரூபாயோடு, மிச்சம் பிடிக்கும் 2,500 ரூபாயில் 2,000 சேர்த்து 5,000 கட்டுங்கள். மீதி 500 பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் மாத வட்டியும் வரியும் அதே 2,478தான். அதை நீங்கள் ஏற்கெனவே கட்டி வரும் பணமே சுமந்துவிடுகிறது. மேலே போட்ட 2,000 ரூபாயும் சிந்தாமல் அசலில் விழுகிறது. அசல் 522 குறைந்த இடத்தில் 2,522 குறைகிறது. அடுத்த மாதம் வட்டியே குறைவாக வரும், அதனால் அசலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். 17 மாதத்தில் கார்டு முடிந்துவிடும், மொத்தம் கட்டுவது சுமார் 84,500. உங்கள் சோளப்பொரி காப்பாற்றிக் கொடுப்பது 45,000 ரூபாய், இருபத்தாறு மாதம்.

நீங்கள் இதைப் பர்சனல் லோனில் போட நினைத்தீர்கள். அது பெரியது, அதனால் பயமும் பெரியதாக இருக்கிறது. பயப்பட வேண்டியது கடனின் உருவத்துக்கு இல்லை, வட்டிக்கு. உங்கள் நான்கு கடனையும் ஊர்ப் பேச்சில், நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள். நகைக் கடன் முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பர்சனல் லோன் ஒன்றேகால் வட்டியைச் சற்றுத் தாண்டும். அக்காவிடம் வாங்கியது ரெண்டு வட்டி. கார்டு, வரியோடு சேர்த்து, நாலு வட்டிக்கும் மேல். ஊரில் ஒருவர் நாலு வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியிருப்பீர்கள். கார்டு கம்பெனி அதை 3.5 என்று சின்ன எழுத்தில் போடுவதால் நமக்கு உறைப்பதில்லை. வருடத்துக்கு வரியோடு 49.5 சதவீதத்துக்கு மேல் வருகிறது.

அதே 2,000 ரூபாயை மாதாமாதம் பர்சனல் லோனில் போட்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். பதினான்கு தவணைக்குப் பிறகு உங்கள் அசல் பாக்கி சுமார் 2,31,200. இன்னும் 34 தவணை. கூடுதல் 2,000 சேர்ந்தால் அது 27 தவணையில் முடியும், மிச்சமாவது சுமார் 13,500 ரூபாய். கார்டில் 17 மாதம் போட்டால் 45,000, லோனில் 27 மாதம் போட்டால் 13,500. காசு ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம்தான் வேறு. ஆகவே முதலில் கார்டு.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருக்கிற காசு கரைந்துவிடும், கட்டாயமாக எங்காவது போட்டால்தான் நிற்கும் என்று வாரச் சம்பளக்காரர் ஒருவர் சொன்னால் அது அனுபவத்தில் இருந்து வருகிற பேச்சு. சீட்டு நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களைக் கைதூக்கி விட்டிருக்கிறது. ஆனால் நாலு வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது சீட்டுக் கட்டக் கூடாது. ஏன் என்று அவருக்கே கணக்காகக் காட்டுங்கள்.

மாதம் 5,000 ரூபாயை இருபத்தைந்து மாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவர் சொல்கிறபடி 3,000 கார்டுக்கு, 2,000 சீட்டுக்கு. இருபத்தைந்தாவது மாதம் கார்டில் இன்னும் சுமார் 37,900 ரூபாய் பாக்கி நிற்கும். சீட்டுப் பணம் 50,000 முழுசாக வந்தாலும் கார்டை அடைத்தது போகக் கையில் நிற்பது 12,000 சொச்சம். சீட்டு ஏலத்தில் மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுக் காசில் நாலைந்தாயிரம் லாபம் வந்தாலும் 17,000. நான் சொல்கிறபடி முழு 5,000 ரூபாயையும் கார்டுக்குக் கட்டினால் 17 மாதத்தில் அது முடிகிறது. மீதி எட்டு மாதத்தில் 40,000 கைக்கு வருகிறது. போடுவது ஒரே பணம், காத்திருப்பது ஒரே காலம். நடுவிலேயே ஏலத்தில் தள்ளி எடுத்துக் கார்டை அடைக்கலாமே என்று அவர் கேட்கலாம். சீக்கிரம் எடுக்க எவ்வளவு தள்ளுகிறோமோ அது நாம் முன்கூட்டியே கொடுக்கும் வட்டி. சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் வேறு, சட்டப்படி 7 சதவீதம் வரை. பிற்பாடு கடனெல்லாம் தீர்ந்து சீட்டில் சேருவதாக இருந்தால், 1982-ம் வருட சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துச் சேருங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்துகிறார் என்பது மட்டும் போதாது.

கணவரின் பேச்சில் இருக்கிற நியாயத்தை நான் விட்டுவிட விரும்பவில்லை. காசு கரைவதைத் தடுக்க உங்கள் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது, சனிக்கிழமைச் சம்பளம். கார்டுக்கு மாதம் ஒருமுறைதான் கட்ட வேண்டும் என்று விதி இல்லை. வட்டி தினப்படி பாக்கிக்குத்தான் ஓடுகிறது. இன்று 500 கட்டினால் நாளையில் இருந்து அந்த 500 ரூபாய்க்கு வட்டி கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் சம்பளம் வாங்கி வந்ததும், கறிக்கடைக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால், 500 ரூபாயை போனிலேயே கார்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். ஆர்டர் இல்லாத வாரம் 200 அனுப்பட்டும். ஒரு வாரம்கூட விடாமல் அனுப்புவதுதான் இதில் முக்கியம். மாதக் கடைசியில் மிச்சம் பார்த்து 2,000 கட்டுவதைவிட வாராவாரம் 500 போவது சுலபம். அவர் பங்கும் சேர்ந்து கார்டுக்கு மாதம் 7,000 போனால் 17 மாதம் 11 மாதமாகிவிடும், இன்னும் 9,000 ரூபாய் மிஞ்சும். அதை நான் இப்போது கணக்கில் சேர்க்கவில்லை. ஆர்டர் நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டேட்மென்ட் வருவதற்கு முந்தைய நாள் கட்டிய பணம் பாக்கியைக் குறைக்கும், ஆனால் அந்த ஸ்டேட்மென்ட்டில் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்கு ஈடாகாது. ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் அந்தக் குறைந்தபட்சத் தொகை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். "போன வாரம்தானே கட்டினேன்" என்று விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் விழும், அதற்கும் ஜி.எஸ்.டி. விழும், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவிலும் கறை படும். உங்களுடைய 3,000 ரூபாயை ஸ்டேட்மென்ட் வந்த மறுநாளே கட்டிவிடுங்கள். வாராவாரம் போகும் சில்லறை அதற்கு மேல் போகட்டும்.

கார்டை இனி தேய்க்கவே கூடாது. இது உங்கள் கட்டுப்பாட்டைச் சந்தேகித்துச் சொல்வதல்ல, விதி அப்படி இருக்கிறது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கடையில் பில் போட்ட அன்றே நாலு வட்டி ஓட ஆரம்பிக்கும். ஷாப்பிங் ஆப்களில் கார்டு எண் சேமித்து வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள், அதிலிருந்து தானாகப் போகும் ரீசார்ஜ் ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள்.

கட்ட ஆரம்பிப்பதற்கு முன் கார்டு வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். மொத்தப் பாக்கியையும் தவணையாக மாற்றித் தருவீர்களா, வட்டி எவ்வளவு, மாற்றும் கட்டணம் எவ்வளவு, இடையில் முடித்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். நிறைய வங்கிகள் தருகின்றன. உதாரணத்துக்கு வருடம் 18 சதவீதத்தில் 18 மாதத் தவணை கிடைத்தால் மாதம் சுமார் 3,830 ரூபாய்தான் ஆகும். வட்டிக்கான ஜி.எஸ்.டி. சேர்ந்து மொத்தம் சுமார் 70,500 ரூபாயில் முடியும், மாற்றும் கட்டணம் தனி. 84,500 எங்கே, இது எங்கே. கேட்டால் கொடுப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்காமல் யாரும் கொடுக்கப் போவதில்லை. போனில் சொன்னதை மின்னஞ்சலிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை உங்களுக்கே வந்திருக்கும். தங்கம் விலை ஏறிக் கிடக்கிறது, அதே செயினுக்குக் கூடுதல் பணம் கேட்டால் வங்கி கொடுக்கும், அதை வாங்கிக் கார்டை ஒரே நாளில் அடைத்தால் நாலு வட்டி முக்கால் வட்டியாகிவிடுமே என்று. கணக்குப்படி இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனாலும் எனக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அப்படிச் செய்தவர்களில் பலர் ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தார்கள். நகையும் மீளாமல், காலியான கார்டும் மறுபடி நிரம்பி. கார்டை அடைத்த அன்றே அதை ரத்துசெய்ய நீங்கள் தயார் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.

உங்கள் 2,500 ரூபாயில் 2,000 பற்றி மட்டும் பேசினேன். மீதி 500 கடுகு டப்பாவுக்கு. நிஜமாகவே கடுகு டப்பாவில் வையுங்கள், அல்லது ஏ.டி.எம். கார்டு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். நாலு வட்டிக் கடன் இருக்கும்போது சும்மா பணம் வைப்பதா என்று நீங்கள் கேட்கலாம். ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், நோட்டு, ஷூ, அதே சமயம் கம்பெனியில் ஆர்டர் இல்லாத இரண்டு வாரம். அப்போது கையில் ஐந்தாயிரம் இல்லாவிட்டால் கை எங்கே போகும்? கார்டுக்குத்தான். ஆறு மாதம் பாடுபட்டு இறக்கிய பாக்கி ஒரே நாளில் ஏறிவிடும். பணத்தைவிட அப்போது விட்டுப்போகிற மனசுதான் பெரிய நஷ்டம். கடன் அடைக்கும் முயற்சியைப் பாதியில் விட்டவர்களில் நான் பார்த்தவரை அதிகம் பேர் ஊதாரிகள் இல்லை, இப்படி ஒரு ஜூன் மாதத்தில் தடுக்கி விழுந்தவர்கள். டப்பாவில் 10,000 சேர்ந்ததும் அந்த 500 ரூபாயையும் கடனுக்குத் திருப்பிவிடலாம்.

அடுத்தது அக்காவின் ஐம்பதாயிரம். இருபது மாதத்தில் 20,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. கைக்கடனில் இதுதான் தொல்லை. தவணை என்று ஒன்று இல்லாததால் வட்டி கொடுப்பதே கடன் கட்டுவது போல ஆகிவிடுகிறது. இங்கே மாதம் 2,000, 3,000 என்று சில்லறையாக அசலை நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். "மொத்தமாகக் கொடு, அதுவரை வட்டி வந்தால் போதும்" என்பார்கள். கொடுத்த பணம் முடங்காமல் வட்டி கொண்டுவருவது அவர்களுக்கு வசதி. அதனால் கார்டு முடிந்த பிறகு விடுபடும் 5,000 ரூபாயைச் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்தாயிரமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் மாத வட்டி 200 குறைய வேண்டும், அதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குறைந்த 200 ரூபாயும் அடுத்த பத்தாயிரத்தில் சேரட்டும். பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும்.

பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு, இவ்வளவு அசல் வரவு என்று எழுதி, அவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த அக்காவிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். கேளுங்கள். நாளைக்கு அவர் இல்லாமல் அவர் பிள்ளைகள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரும்போது பேசப்போவது அந்த எழுத்துதான். வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பினால் இன்னும் நல்லது, அசல் என்று குறிப்பும் போட்டுவிடுங்கள். கடைசிப் பைசா கொடுத்த அன்று நோட்டைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

இப்போது நீங்கள் தூங்காமல் யோசிக்கும் அந்தப் பெரிய லோன். அதற்கு நீங்கள் கூடுதலாக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பதுதான் என் யோசனை. கார்டுக்கு 17 மாதம், அக்காவுக்கு 10 மாதம், இந்த 27 மாதத்தில் லோனில் மீதி இருப்பது ஏழே தவணை. தேதி தவறாமல் 8,502 போய்க்கொண்டிருந்தால் அது தானாகக் கரைகிறது. இதுவரை கட்டிய 1,19,000 ரூபாயில் சுமார் 50,200 வட்டிக்குப் போயிருக்கிறது, 68,800 அசலுக்கு. ஆரம்பத்தில் வட்டிதான் அதிகம் தின்னும். அந்தக் கட்டத்தை ஏறக்குறையத் தாண்டிவிட்டீர்கள். முதல் தவணையில் வட்டி 4,000. இப்போது அது 3,100 பக்கம் வந்திருக்கும்.

ஆனாலும் எங்கிருந்தாவது ஒரு பெரிய தொகை வந்து இதில் போட நினைத்தால், அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. மாறும் வட்டியில் தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதற்கு அபராதம் வாங்கலாம், வாங்குகிறார்கள். சில இடங்களில் முதல் 6 மாதமோ 12 மாதமோ முன்பணம் ஏற்பதே இல்லை, சில இடங்களில் வருடத்துக்கு ஒருமுறைதான், இன்ன தொகைக்குக் குறையாமல்தான் என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் தனிநபர் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாளை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில், வங்கி கொடுத்தாக வேண்டும். இந்தக் கட்டணங்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கடன் பத்திரங்களோடு அது இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

நிறையப் பேர் ஏமாறுகிற இடமும் இதுதான். தவணை பிடிக்கிற சேமிப்புக் கணக்கில் கூடுதலாக ஐந்தாயிரம் போட்டுவிட்டு, லோனுக்குக் கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பணம் லோனைத் தொடவே தொடாது. லோன் கணக்கிலேயே போட்டாலும், ஒன்றும் சொல்லாமல் போட்டால், அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுகிற நிறுவனங்கள் உண்டு. வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையாது. "இந்தத் தொகையை அசலில் வரவு வையுங்கள், தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணை வாங்கிக்கொண்டால்தான் கட்டியது கட்டியதாகும். எழுதிக் கொடுத்தும் தீர்வில்லை என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார், முப்பது நாளில் பதில் இல்லை அல்லது சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். அதற்கு 14448 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

நகையைக் கடைசியில் வைத்ததற்கு வருத்தப்படாதீர்கள். கழுத்தில் கிடக்க வேண்டியது பெட்டகத்தில் கிடக்கிறது என்ற வேதனை எனக்குப் புரிகிறது. உங்கள் நான்கு கடனில் மலிவானது அதுதான், அதனால் அது பொறுத்திருக்கும். வருட முடிவுத் தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. தவறினால் ஏலம்வரை போகும். 80,000 ரூபாய்க்கு 9.5 சதவீதம் என்றால் வருட வட்டி 7,600. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் துணிக்கடைக்குப் போவதற்கு முன் இந்தத் தொகையை எடுத்து வைத்துவிடுங்கள். போனஸில் மிஞ்சுவதில் பாதியைக் கார்டுக்குப் போட்டால் 17 மாதம் இன்னும் சுருங்கும். மறுபாதி பிள்ளைகளுக்குத் தீபாவளி. அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்கா கடன் முடிந்ததும், 5,000 ரூபாயோடு அவருக்கு வட்டியாகப் போய்க்கொண்டிருந்த 1,000 சேர்ந்து 6,000 ஆகும். அது நகைக்கு. அடகுக் கடனில் வருட நடுவிலும் அசலில் ஆயிரம், ஐயாயிரம் என்று கட்டலாம், வட்டி மீதிப் பாக்கிக்குத்தான். பெரும்பாலான வங்கிகள் ஏற்கின்றன, உங்கள் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மாதத்தில் பர்சனல் லோனும் முடிந்து, அந்த 8,502 ரூபாயும் சேர்ந்துகொண்டால் அடுத்த மூன்றே மாதத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிடும். இன்றைக்கு ஆரம்பித்தால் நான்கும் தீர மூன்று வருடத்துக்குச் சற்றே மேல் ஆகும். நீளமாகத் தெரியலாம். உங்கள் இப்போதைய வேகத்தில் போனால் கார்டு மட்டுமே 43 மாதம், அதன் பிறகும் அக்காவின் அசலும் நகையும் அப்படியே இருக்கும்.

இத்தனையும் நடக்க ஒரு தடை இருக்கிறது, அது பணம் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய் உங்கள் கணவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் வைத்திருந்தால் மாதாமாதம் அந்த ஆயிரத்துக்கு ஒரு காரணம் தேட வேண்டும். சீட்டு ஏன் வேண்டாம் என்பதற்கும் அவரிடம் பாதிக் கணக்குதான் சொல்ல முடியும். கார்டு முடிந்ததும் 5,000 ரூபாய் எங்கே போகிறது என்று அவர் கேட்கிற மாதம் வரும். அன்று தெரிவதைவிட இன்று நீங்களே சொல்லித் தெரிவது நல்லது. அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கியது. அவர் தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் 3 லட்சம் சுமக்கிறீர்கள். நீங்கள் தலைகுனிய வேண்டிய கடன் இதில் எதுவும் இல்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் தாளில் ஆரம்பியுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு கடனையும் வரிசையாக எழுதுங்கள்: பாக்கி எவ்வளவு, எத்தனை வட்டி, மாதம் எவ்வளவு போகிறது. நான்காவது வரியில் அக்கா பெயர். கீழே 17, 10 என்று மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து பிள்ளைகள் விளையாடப் போன பிறகு அதை அவர் கையில் கொடுங்கள். கோபப்படலாம், ஒருநாள் பேசாமலும் இருக்கலாம். தாளில் முடிவுத் தேதியும் சேர்ந்தே இருப்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடாது.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த அக்காவிடம் கொடுத்த புரோநோட்டில் தொகையை நிரப்பிக் கையெழுத்துப் போட்டீர்களா, வெறும் தாளிலா? கூடவே கையெழுத்திட்ட காசோலை ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? அப்படி இருந்தால் முதல் பத்தாயிரத்தைக் கொடுக்கும் முன் எனக்கு எழுதுங்கள். அந்தத் தாளை மாற்றி எழுதி வாங்குவது எப்படி என்று தனியாகச் சொல்கிறேன்.